நீல விளக்கு அணையாத கார்: வாடைக் காலத்தில் எஞ்சின் சூடேறத் தாமதித்த ஒரு நிகழ்வு ஆய்வு

தைப்பொங்கலுக்குச் சில நாட்கள் முன்பு, வாடைக்காற்றோடு மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு காலையில், உப்புவெளியில் வசிக்கும் ஆசிரியை ஒருவர் தமது காரைத் திருகோணமலை நகரிலுள்ள எமது கராஜுக்குக் கொண்டுவந்தார். ஜப்பானில் பாவிக்கப்பட்டு இறக்குமதியான, 1,300 சிசி கொள்ளளவும் நான்கு சிலிண்டர்களும் கொண்ட, ஓட்டோமற்றிக் கியருடன் கூடிய பெற்றோல் கார் அது. அதில் வெப்பமானி முள் இல்லை. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது எரியும் நீல விளக்கும், அளவுக்கு மீறிச் சூடானால் எரியும் சிவப்பு விளக்கும் மட்டுமே உண்டு.

"தம்பி, முந்தி பாதி வழி வரக்குள்ளயே இந்த நீல லைட் நிண்டுடும். இப்ப பள்ளிக்கூட வாசலுக்கு வந்தும் எரியுது. மழைக்கு அப்பிடித்தான் எண்டு எல்லாரும் சொல்றாங்க" என்றார்.

அவருடைய வீட்டிலிருந்து பாடசாலைக்கு ஏறத்தாழ 5 கிலோமீற்றர். அந்தத் தூரத்தை ஓடி முடித்தும் எஞ்சின் குளிர்ந்தே இருக்கிறது என்றால் அதை மழையின் மேல் போட்டுவிட முடியாது. திருகோணமலையின் மாரிக்காலக் காலையில் காற்றின் வெப்பநிலை பெரும்பாலும் 24, 25 பாகை செல்சியஸை ஒட்டியே இருக்கும். பனி பொழியும் நாடுகளில் பூச்சியப் பாகையிலிருந்து புறப்படும் எஞ்சினே நியாயமான நேரத்தில் சூடேறுமாறு வடிவமைக்கப்பட்டிருக்கும்போது, 25 பாகையிலிருந்து புறப்படும் எஞ்சினுக்கு நமது வாடை ஒரு சாக்காக முடியாது. ஆகவே அவருடைய முறைப்பாட்டை ஒரு பழுதின் அறிகுறியாகவே எடுத்துக்கொண்டேன்.

விசாரித்தபோது மேலும் சில விவரங்கள் கிடைத்தன. ஒரு லீற்றர் பெற்றோலுக்குச் சுமார் 14 கிலோமீற்றர் ஓடிய கார் இப்போது பத்தரையைத் தாண்டுவதில்லை. காலையில் வாகனம் நின்ற நிலையிலும் எஞ்சின் உரத்த சத்தத்தோடு ஓடுகிறது. மார்கழியில் வேறோர் இடத்தில் குளிர்நீர்ச் சென்சரையும் (எஞ்சினைக் குளிர்விக்கும் நீரின் வெப்பத்தை அறியும் கருவி) பிளக்குகளையும் மாற்றியும் பயன் கிடைக்கவில்லை. எண்ணெய் ஊற்றும் மூடியின் உட்புறத்தில் பால்தேநீர் நிறத்தில் ஒரு படிவு இருப்பதைக் கண்ட ஒருவர், ஹெட் கேஸ்கட் (எஞ்சினின் தலைப்பகுதிக்குக் கீழே, நீரும் எண்ணெயும் கலக்காமல் தடுக்கும் தகடு) போய்விட்டது என்று சொல்லிப் பயமுறுத்தியிருந்தார். பாடசாலை விடுமுறையில் குடும்பத்தோடு நுவரெலியா சென்றபோது ஹீற்றரைப் போட்டால் வெதுவெதுப்பான காற்றுக்கூட ஒழுங்காக வரவில்லை. இவை எல்லாவற்றையும்விட என் கவனத்தை இழுத்தது, அவர் சாதாரணமாகச் சொல்லிவிட்டுக் கடந்த ஒரு செய்தியாகும். நுவரெலியாவிலிருந்து றம்பொடைப் பக்கமாகக் கீழே இறங்கி வரும்போது, ஏற்கெனவே அணைந்திருந்த நீல விளக்கு மீண்டும் எரிந்திருக்கிறது.

நெடுந்தூரம் ஓடிச் சூடேறிய எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே மீண்டும் குளிர்வதற்கு, அதன் வெப்பம் வெளியேறும் வாயில் திறந்தே கிடக்க வேண்டும். இறக்கத்தில் அக்சிலரேற்றரிலிருந்து காலை எடுத்ததும் எஞ்சினுக்குப் பெற்றோல் செல்வது நின்றுவிடுகிறது. வெப்பம் உண்டாவது ஏறக்குறைய நின்றுபோன அந்த நேரத்தில் மலைக்காற்று மட்டும், குளிர்நீரை ஆற்றும் ரேடியேற்றரின் ஊடாக வீசிக்கொண்டிருக்கிறது. குளிர்நீர் ரேடியேற்றரின் வழியாக ஓடும் பாதையை வெப்பத்துக்கேற்பத் திறந்து மூடும் வால்வான தெர்மோஸ்டற் சரியாக இயங்கினால், குளிர்நீரின் வெப்பம் இறங்கத் தொடங்கியதுமே அது மூடிக்கொண்டு, ரேடியேற்றருக்கும் எஞ்சினுக்கும் இடையிலான தொடர்பைத் துண்டித்துவிடும். அப்படித் துண்டிக்கப்படவில்லை என்பதைத்தான் றம்பொடை இறக்கம் சொல்லியது. இருப்பினும் ஊகத்தை வைத்துப் பாகங்களைக் கழற்றுவதில்லை என்பது நான் கற்ற ஒழுங்கு. ஏற்கெனவே ஒரு சென்சர் அப்படித்தான் மாற்றப்பட்டிருந்தது. எனவே காரை இரவு முழுவதும் கராஜிலேயே விட்டுச் செல்லுமாறு கேட்டுக்கொண்டேன்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு, எஞ்சினை இயக்குவதற்கு முன், காரின் கணினியை வாசிக்கும் ஸ்கேனரை இணைத்து இரண்டு எண்களை மட்டும் பார்த்தேன். குளிர்நீரின் வெப்பநிலை 25 பாகை. எஞ்சினுக்குள் செல்லும் காற்றின் வெப்பநிலையும் 25 பாகை. இரவு முழுவதும் நின்ற வாகனத்தில் இவ்விரண்டும் ஒன்றையொன்று ஒட்டியிருக்க வேண்டும். அவற்றுக்கிடையே பெரிய வேறுபாடு இருந்தால் ஏதோ ஒரு சென்சர் பொய் சொல்கிறது என்று பொருள். செலவே இல்லாத இந்தச் சோதனையை எங்கள் தொழிலில் பலர் செய்வதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. அடுத்து, சென்சரின் பிளக்கைக் கழற்றி மல்டிமீற்றரால் தடையை அளந்தபோது 1.85 கிலோ ஓம் காட்டியது. இவ்வகைச் சென்சர் 20 பாகையில் ஏறத்தாழ இரண்டரைக் கிலோ ஓமும், 80 பாகையில் 0.3 கிலோ ஓமுக்குச் சற்று மேலும் காட்ட வேண்டும். அந்த வளைகோட்டில் 25 பாகையை அடுத்து 1.85 என்பது பொருத்தமான எண்ணே. சென்சர் உண்மையே பேசுகிறது என்பதும், நீல விளக்கு எரிவது எஞ்சின் உண்மையாகவே குளிர்ந்திருப்பதால்தான் என்பதும் இதனால் உறுதியாயின.

பின்னர் எஞ்சினை இயக்கி, வாகனத்தை அசைக்காமல் வெப்பநிலையைக் குறித்துக்கொண்டு வந்தேன். 5 நிமிடத்தில் 41 பாகை, 10 நிமிடத்தில் 50 பாகை, 15 நிமிடத்தில் 55 பாகை. அதற்கு மேல் ஏற மனமில்லாததுபோல் நின்றுவிட்டது. நிலாவெளி வீதியில் மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் ஓட்டியபோது 56க்கும் 58க்கும் இடையில் ஊசலாடியது. நீல விளக்கு இந்தக் காரில் 56 பாகையளவில் அணைவதை அப்போதுதான் கவனித்தேன். ஆசிரியை பாடசாலை வாசலை அடைந்தும் விளக்கு எரிந்துகொண்டிருந்ததற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

காரை நிறுத்தி முன்மூடியைத் திறந்தபோது முதற் காரணம் கண்ணில் பட்டது, அல்லது காதில் விழுந்தது என்று சொல்வதே சரி. 55 பாகையில் ஓய்ந்திருக்க வேண்டிய ரேடியேற்றர் ஃபேன் முழு வேகத்தில் சுழன்றுகொண்டிருந்தது. வயரைத் தொடர்ந்து சென்று பார்த்ததில், ஃபேனைத் தேவையானபோது மட்டும் இயக்கும் மின்சுவிட்சான ரிலேயைத் தவிர்த்து, சாவியைத் திருப்பியவுடனேயே மின்சாரம் போகும்படி யாரோ தனி வயர் இழுத்திருந்தார்கள். நமது ஊர்களில் இதை 'ஃபேனை டிரெக்ட் பண்ணுவது' என்பார்கள். அந்த வயரை நீக்கி, ரிலேயையும் அதன் பழைய இணைப்பையும் சீர்செய்துவிட்டு, எஞ்சின் முழுமையாகக் குளிரும்வரை காத்திருந்து மீண்டும் அளந்தேன்.

முன்னேற்றம் தெளிவாகத் தெரிந்தது: நின்ற நிலையில் 10 நிமிடத்தில் 66 பாகை, 15 நிமிடத்தில் 74 பாகை. இவ்விடத்தில் வேலையை நிறுத்திக் காரைக் கையளித்திருந்தால் ஆசிரியையும் நானும் சில நாட்கள் மகிழ்ச்சியாக இருந்திருப்போம். ஆனால் அதே நிலாவெளி வீதியில் ஓட்டியவுடன் 74 பாகை மெல்ல மெல்ல இறங்கி 61க்கு வந்து நின்றது. நிற்கும்போது ஏறுவதும் ஓடும்போது இறங்குவதும் சுகமான எஞ்சினின் குணமல்ல. ஓடும் எஞ்சின் நிற்கும் எஞ்சினைவிடப் பல மடங்கு வெப்பத்தை உண்டாக்குகிறது. அவ்வளவு வெப்பத்தையும் முன்னிருந்து வரும் காற்று அள்ளிச் சென்றுவிடுகிறதென்றால், குளிர்நீர் தொடக்கத்திலிருந்தே ரேடியேற்றருக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதுதான் கருத்து.

அதை உறுதிசெய்ய ஹோஸ்களைப் பார்த்தேன். குளிர்ந்த எஞ்சினை இயக்கிய முதல் நிமிடங்களில் ரேடியேற்றரின் மேல் ஹோஸ் சற்று வெதுவெதுப்பாகலாம். கீழ் ஹோஸும் ரேடியேற்றரின் அடிப்பகுதியும் குளிர்ந்தே இருக்க வேண்டும். இங்கே இரண்டு ஹோஸ்களும் அண்ணன் தம்பிபோல் சேர்ந்தே சூடேறின. இச்சோதனையைப் பலர் கையால் தொட்டே செய்கிறார்கள். குளிர்ந்த பொருளும் சூடான பொருளும் அருகருகே இருக்கும்போது கை போதும். ஆனால் வெப்பநிலையை மதிப்பிடக் கை உதவாது. கன்னியா வெந்நீரூற்றில் எந்தக் கிணறு அதிகம் சுடுகிறது என்று குளிக்க வந்தவர்கள் வாதாடுவதைக் கேட்டவர்களுக்கு இது விளங்கும். 60 பாகையும் 85 பாகையும் விரலுக்கு ஒரே சூடுதான். அகச்சிவப்பு வெப்பமானியும் பளபளக்கும் அலுமினியத்தில் குறைத்தே காட்டும் என்பதால், அளக்கும் இடத்தில் ஒரு துண்டுக் கறுப்பு ரேப் ஒட்டி, அதன்மேல் அளப்பது என் வழக்கம்.

இந்த எஞ்சினில் தெர்மோஸ்டற் கீழ் ஹோஸ் வந்து சேரும் வாயிலில் இருக்கிறது. குளிர்நீரை வடித்துவிட்டு அந்த மூடியைக் கழற்றியபோது, உள்ளே தெர்மோஸ்டற் இருந்தது என்றும் சொல்லலாம், இல்லை என்றும் சொல்லலாம். வெளி வளையமும் ரப்பர் சீலும் அப்படியே இருந்தன. நடுவிலிருந்த மெழுகுக் குமிழ், வால்வுத் தட்டு, ஸ்பிரிங் எல்லாம் வெட்டி எடுக்கப்பட்டிருந்தன. நீர் கசியாமலிருக்க வளையத்தை மட்டும் மீண்டும் பொருத்தியிருந்தார்கள்.

தெர்மோஸ்டற் குளிர்நாட்டுக்காரரின் பொருள், நமது வெயிலுக்கு அது தேவையில்லை என்ற எண்ணம் எங்கள் தொழிலில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அந்த எண்ணம் எங்கே பிழைக்கிறது என்பதை இந்தக் காரின் எண்களே காட்டுகின்றன. தெர்மோஸ்டற் இல்லாத ரேடியேற்றர் எஞ்சினை ஒரு குறித்த வெப்பநிலையில் வைத்திருப்பதில்லை. வெளிக்காற்றைவிட ஒரு குறித்த அளவு கூடுதலாகவே வைத்திருக்கிறது. காற்று 25 பாகையாக இருந்தபோது ஓடும் எஞ்சின் 57 பாகையில் நின்றது, அதாவது காற்றைவிட 32 பாகை கூடுதல். இதே கணக்கில், வறண்ட மேல்காற்றான கச்சான் வீசும் ஆவணியில் காற்று 33 பாகையாக இருந்தால் எஞ்சின் 65 பாகையில் நிற்கும். நீல விளக்கு அணைந்துவிடும், ஒருவரும் பழுதை அறியமாட்டார்கள். நுவரெலியாவின் 12 பாகையில் அது 44 பாகைக்கு இறங்கும். ஹீற்றர் வேலை செய்யாது, விளக்கு மீண்டும் எரியும். பழுது வாடைக்கு முன்பே இருந்தது. வாடை வந்ததும் அது வெளியே தெரிந்தது, அவ்வளவுதான்.

ஆவணியில் 65 பாகை என்பதும் எஞ்சினுக்குப் போதாது. மெழுகு உருகி விரிவதால் 82 பாகையளவில் திறக்கத் தொடங்கும் தெர்மோஸ்டற்றைத்தான் இந்த எஞ்சினை வடிவமைத்தவர்கள் பொருத்தியிருக்கிறார்கள். சிலிண்டருக்கும் பிஸ்டனுக்கும் இடையிலான இடைவெளி, எண்ணெயின் பாகுநிலை, பெற்றோல் விசிறப்படும் அளவு ஆகியவை அந்த வெப்பநிலையை எண்ணியே தீர்மானிக்கப்பட்டவை. எஞ்சின் குளிர்ந்திருப்பதாகச் சென்சர் சொல்லும்வரை கணினி பெற்றோலைக் கூட்டியே கொடுக்கும், சுழற்சியையும் உயர்த்தியே வைத்திருக்கும். அந்தக் காலை நின்ற நிலையில் நிமிடத்துக்கு 1,300 சுழற்சியைக் கண்டேன். சூடான நிலையில் அது ஏறத்தாழ 700ஆக இருக்க வேண்டும். ஓட்டோமற்றிக் கியரின் உள்ளே வழுக்கலைத் தடுக்கும் பூட்டும் எஞ்சின் சூடாகும்வரை விழுவதில்லை. லீற்றருக்கு மூன்றரைக் கிலோமீற்றர் குறைந்தது இவை எல்லாம் சேர்ந்த விளைவு.

எரியாத பெற்றோலின் ஒரு பகுதி சிலிண்டர்ச் சுவரில் வழிந்து எண்ணெயோடு கலக்கிறது. எரிதலில் உண்டாகும் நீராவியும் குளிர்ந்த எஞ்சினுக்குள் நீராகப் படிகிறது. தினமும் 5 கிலோமீற்றர் ஓடி நிற்கும் காரில் அது ஆவியாகி வெளியேற நேரமே கிடைப்பதில்லை. ஆசிரியையைப் பயமுறுத்திய பால்தேநீர் நிறப் படிவு அந்த நீரும் எண்ணெயும் கலந்ததுதான். ஆயினும் ஹெட் கேஸ்கட் பற்றிய ஐயத்தைச் சொல்லால் தீர்க்க நான் விரும்பவில்லை. சிலிண்டரில் எரிந்த வாயு குளிர்நீருக்குள் புகுந்தால் நிறம் மாறும் திரவத்தைக் கொண்டு சோதித்தேன், நிறம் மாறவில்லை. குளிர்நீரின் மட்டமும் குறைந்திருக்கவில்லை. எண்ணெய்க் குச்சியில் பெற்றோல் மணத்தது. எண்ணெயையும் வடிகட்டியையும் மாற்றினால் போதும் என்று அவரிடம் உறுதியாகச் சொல்ல முடிந்தது.

புதிய தெர்மோஸ்டற்றைப் பொருத்துவதற்கு முன் அதையும் சோதிக்க வேண்டும். ஒரு பாத்திரத்தில் நீரை வைத்து, தெர்மோஸ்டற்றை அடியில் முட்டாதபடி நூலில் தொங்கவிட்டு, பக்கத்தில் வெப்பமானியை வைத்து மெதுவாகச் சூடாக்கினேன். முதலில் வாங்கி வந்தது 74 பாகையிலேயே வாய் திறந்தது. அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இரண்டாவது 82 பாகையில் திறக்கத் தொடங்கி, 95 பாகையில் 8 மில்லிமீற்றருக்கு மேல் விரிந்து, ஆறவிட்டதும் இடைவெளியின்றி மூடிக்கொண்டது. காற்று வெளியேறுவதற்கான சிறிய ஆடும் முள் மேற்புறமாக இருக்கும்படி அதைப் பொருத்தினேன்.

இனித்தான் இந்நிகழ்வின் கடினமான பகுதி. ஒருவர் தெர்மோஸ்டற்றை வெட்டி எடுத்து, ஃபேனையும் டிரெக்டாகக் கொடுத்திருக்கிறார் என்றால், அவர் வேறொரு துன்பத்துக்கு மருந்து தேடியிருக்க வேண்டும். கேட்டபோது ஆசிரியை நினைவுகூர்ந்தார்: முந்திய ஆவணியில், கந்தளாயைத் தாண்டி ஹபரணை வீதியில் போகும்போது சிவப்பு விளக்கு எரிந்திருக்கிறது. வழியில் உதவிய ஒரு மெக்கானிக் ஏதோ செய்துகொடுத்தார். அதன்பின் அது எரியவில்லை. கொளுத்தும் வெயிலில் ஒரு குடும்பம் வீதியோரத்தில் நிற்கும்போது அவர்களை வீடு சேர்ப்பதே முதற் கடமை என்பதால், அன்று அவர் செய்ததைக் குற்றமாகச் சொல்ல நான் துணியமாட்டேன். ஆனால் அந்த அவசர வேலை பின்னர் ஒருபோதும் திருத்தப்படவில்லை. சூடேறியதன் மூலக்காரணமும் அப்படியே உள்ளே இருந்தது.

கந்தளாய்வரை ஏசியைப் போட்டு ஓட்டிப் பார்த்தேன். புறப்பட்ட ஏழு நிமிடத்தில் 82 பாகை. ஆனால் திரும்பி வரும் வழியில், மணிக்கு 80 கிலோமீற்றர் வேகத்தில், 99 பாகையைத் தொட்டு இன்னும் ஏறப் பார்த்தது. ஃபேன் வேலை செய்துகொண்டுதான் இருந்தது. ரேடியேற்றரின் முகத்தைக் கறுப்பு ரேப் துண்டுகளின் உதவியோடு கட்டம் கட்டமாக அளந்தபோது, கீழ் இடப்பக்கத்தில் உள்ளங்கை இரண்டின் அகலத்துக்கு மற்ற இடங்களைவிட 20 பாகை குளிர்ந்த ஒரு பகுதி இருந்தது. நீர் ஓடாத குழாய்கள் அவை. ஆண்டுக்கணக்காகக் கிணற்று நீரையே ஊற்றி வந்திருக்கிறார்கள். கேத்தலின் அடியில் படியும் வெள்ளைப் படிவுதான் இங்கும் படிந்திருந்தது. ரேடியேற்றர் மூடியைச் சோதித்தபோது 1.1 பார் அழுத்தத்தைத் தாங்க வேண்டியது அரைப் பாரிலேயே விட்டுவிட்டது. 1.1 பார் கூடுதல் அழுத்தத்தில் நீர் ஏறத்தாழ 121 பாகையில்தான் கொதிக்கும். அரைப் பாரில் 111 பாகையிலேயே கொதித்துவிடும்.

தெர்மோஸ்டற்றை அகற்றுவது இந்த அடைப்புக்கு மருந்தே அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். இத்தகைய எஞ்சின்களில், தெர்மோஸ்டற் திறக்கும்போது அதன் மறுமுனை, ரேடியேற்றருக்குச் செல்லாமல் குறுக்கே திரும்பும் பாதையை மூடுகிறது. அதை வெட்டி எடுத்தால் குறுக்குப்பாதை எப்போதும் திறந்தே இருக்கும். கடும் ஏற்றத்தில் சூடான நீரின் ஒரு பகுதி ஆறாமலே எஞ்சினுக்குத் திரும்பும். மாரியில் குளிர்ந்தும் கோடையில் கொதித்தும் ஒரே எஞ்சின் இரண்டு துன்பங்களையும் அனுபவிக்க இதுவே வழி.

அலுமினியக் கருவும் பிளாஸ்டிக் தொட்டியும் கொண்ட ரேடியேற்றரைப் பழைய செம்பு ரேடியேற்றர்போல் பிரித்துக் குச்சி விட்டுச் சுத்தம் செய்ய இயலாது. ஆகவே ரேடியேற்றரையும் மூடியையும் மாற்றி, உட்புறத்தைப் பலமுறை கழுவி, தூய நீர் கலந்த கூலண்டை மெதுவாக நிரப்பி, ஹீற்றரைச் சூட்டு நிலையில் வைத்துக் காற்றை வெளியேற்றினேன். மறுநாள் காலை 25 பாகையிலிருந்து நின்ற நிலையில் 5 நிமிடத்தில் 58 பாகையும், 9 நிமிடத்தில் 80 பாகையும் வந்தன. கந்தளாய் வீதியில் 84க்கும் 90க்கும் இடையில் நின்றது. நிறுத்தியபோது 95இல் ஃபேன் தொடங்கி 90இல் ஓய்ந்தது.

காரைக் கையளிக்கும்போது, நீல விளக்கு அணையும் நேரத்தைச் சில மாதங்களுக்குக் குறித்து வருமாறு கேட்டுக்கொண்டேன். டீச்சர் அதற்கென்று ஒரு கொப்பியே போட்டார். மாசியில் ஐந்து நிமிடம், பங்குனியில் நான்கரை என்று எழுதியிருந்தார். லீற்றருக்கு 13.6 கிலோமீற்றர் கிடைத்ததையும் குறித்திருந்தார். சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் மீண்டும் நுவரெலியா போய் வந்த பக்கத்தில், றம்பொடை இறக்கத்தில் விளக்கு எரியவில்லை என்றும், ஹீற்றரை ஒரு கட்டத்தில் குறைக்க வேண்டியிருந்தது என்றும் இருந்தது. ஆவணியில், கச்சான் வீசிய ஒரு நண்பகலில், சிவப்பு விளக்கு முன்பு எரிந்த அதே ஹபரணை வீதியில் ஸ்கேனரோடு அவருடன் சென்றேன். ஏசி ஓடிக்கொண்டிருக்க, வெளியே 34 பாகை, எஞ்சின் 91.